மலரில் இடம்பெறாத பக்கம்



சென்ற திங்கள் அஞ்சலில் ஒரு பொதி வந்தது. பிரித்தேன். வழவழத்த தாளில், வண்ண வண்ணப் படங்களோடு, ஒரு மலரின் அச்சுப்படி. வேறொரு மாவட்டத்துப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் ஒருவர் பதவிக்காலம் முடிந்து விடைபெறுகிறாராம். அவர் காலத்துச் சாதனைகளைத் தொகுத்து மலர் வெளியிடுகிறார்களாம். அதற்கு நான் பாராட்டுரை எழுதித் தரவேண்டுமாம்! அனுப்பியவர் என் பழைய மாணவர், அங்கே பேராசிரியராக இருப்பவர். தொலைபேசியிலும் அழைத்தார்.

"ஐயா, இரண்டு பக்கம் போதும்."

"அவரை எனக்குத் தெரியாதே, தம்பி!"

"தெரியவேண்டியதில்லை ஐயா. பட்டியல் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதினால் போதும்."

பட்டியலைப் பார்த்தேன். பக்கம் பக்கமாகக் கட்டடங்கள். திறந்த கட்டடம், திறக்கப்போகும் கட்டடம், அடிக்கல் மட்டும் கண்ட கட்டடம்! அறிவியல் ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு இராகு காலம் கழித்து, நல்ல நேரம் பார்த்து அடிக்கல் நாட்டிய செய்தியும் படத்தோடு இருந்தது. வானியலைக் கற்பிக்கப்போகும் கூடத்துக்கு வானத்துக் கோளிடம் அனுமதி! சிரித்துவிட்டு மூடிவைத்தேன். ஆனால் கேள்வி ஒன்று மூடவில்லை. துணைவேந்தர் ஒருவரின் காலத்தை எதைக்கொண்டு அளப்பது? கல்லைக்கொண்டா? கணக்கைக்கொண்டா?

கடலூர்க்காரன் நான். பல்கலைக்கழகம் என்றால் எனக்குச் சிதம்பரம்தான். என் தந்தையார் கடலூர் முதுநகரில், கரைக்கு எட்டத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குப் படகில் சரக்கேற்றிய தொழிலாளி. எழுதப் படிக்க அறியாதவர். 1970ஆம் ஆண்டு, புகுமுக வகுப்பில் சேர என்னை அழைத்துக்கொண்டு புகைவண்டியில் அவர் வந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஒவ்வொரு நிலையத்தையும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தார். பல்கலைக்கழக வாயிலை அடைந்ததும் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். கோயில் வாசலில் ஒருநாளும் செய்யாத மனிதர்! "யாரப்பா இருக்கிறார்கள் உள்ளே?" என்று கேட்டேன். "யார் இருந்தால் என்ன, நீ இருக்கப்போகிறாய்" என்றார்.

அந்த வாயிலைக் கட்டியவர் கதை எல்லோரும் அறிந்ததே. 1920இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கிய அண்ணாமலைச் செட்டியார் 20 இலட்சம் ரூபாய் நன்கொடை தர, 1928ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. ஆளுநர் வேந்தர், நிறுவனரும் அவர் வழியினரும் இணைவேந்தர், துணைவேந்தரோ பல அறிஞர்கள் மாறிமாறி அமர்ந்த இருக்கை. பணம் ஒருவருடையது, பதவி ஒருவருடையது. அப்படியிருக்க, சாதனையை யார் பெயரில் எழுதுவது?

என் மனம் நாடும் துணைவேந்தர் ஒருவர் உண்டு. சர் கூர்மா வெங்கட்ட ரெட்டி நாயுடு. நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவர். 1920இல் அமைந்த முதல் நீதிக்கட்சி அமைச்சரவையில் அமைச்சர். 1929 முதல் 1932 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முகவர். 1936இல் சில திங்கள் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநர். 1937இல் மூன்று திங்களுக்கும் சற்றுக் கூடுதலாகப் பிரதமர் (முதலமைச்சரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்). இத்தனைக்கும் பிறகு 1940இல் சிதம்பரத்துக்குத் துணைவேந்தராக வந்தார். அவருக்கு முன் அந்த இருக்கையில் இருந்த சீனிவாச சாஸ்திரியாரும் தென்னாப்பிரிக்க முகவராக இருந்தவரே. கடல் கடந்த தமிழருக்காகக் குரல் கொடுக்கப் போன இருவரும் அடுத்தடுத்து அண்ணாமலைநகருக்கு வந்தது ஒரு வியப்பு.

ரெட்டி நாயுடு துணைவேந்தராக இருந்தது ஏறத்தாழ ஈராண்டு. 1942இல் மறைந்துவிட்டார். ஈராண்டில் என்ன கட்ட முடியும்? உலகப் போர் வேறு நடந்துகொண்டிருந்தது. மலர்க் குழுவினரிடம் கொடுத்தால் அரைப் பக்கம்கூடத் தேறாது! ஆனால் 1941 ஆகஸ்டில் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது அவர் காலத்தில்தான்.

அன்றைய நிலையை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டு மேடை, தமிழ்ப் பாடகர், தமிழ்ச் செவிகள். பாட்டு மட்டும் தெலுங்கு அல்லது வடமொழி! தமிழ்ப் பாட்டுக்குக் கச்சேரியின் கடைசியில், கேட்போர் செருப்பைத் தேடும் நேரத்தில், "துக்கடா" என்று ஓர் ஓரம். வீட்டுக்காரியை வாயிற்படியில் உட்காரவைத்து, விருந்தாளிக்கு நடுக்கூடத்தில் இலைபோட்டது போன்ற நிலை. இதை மாற்ற வேண்டும், தமிழ்ப் பாடலுக்கு முதலிடம் வேண்டும் என்று அந்த மாநாடு கேட்டது. சென்னையில் இசைத்துறைப் பெரியவர்கள் பொங்கி எழுந்தார்கள். கலைக்கு மொழி ஏது என்றார்கள். கலைக்கு மொழி இல்லையென்றால் தமிழில் பாடுவதில் தடை என்ன என்று இவர்கள் கேட்டார்கள். விடை வரவில்லை. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது.

இதன் முதல்வர் அண்ணாமலைச் செட்டியார்தான், ஐயமில்லை. துணைவேந்தரின் பங்கு எவ்வளவு என்று அளந்து சொல்ல நான் முனையவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்கிறேன். அந்த இருக்கையில் இருந்தவரின் தாய்மொழி தெலுங்கு! எதிர்த்தரப்பு கேடயமாகத் தூக்கிப் பிடித்ததும் தெலுங்குப் பாடல்களையே. அவர் முகம் சுளித்திருந்தால், "பல்கலைக்கழகத்தில் இந்த வழக்கு வேண்டாம்" என்று ஒரு குறிப்பு எழுதியிருந்தால், நியாயம்போலவே தோன்றியிருக்கும். மாநாடோ அவர் காலத்தில், அவர் வளாகத்தில் நடந்தது. அடுத்த மொழிக்காரன் வாழ்ந்தால் தன் மொழி தாழும் என்று எண்ணும் சிறுமையை அந்த வளாகத்தில் நான் காணவில்லை.

அவருக்கு அடுத்து, 1942 முதல் 1948 வரை மா. இரத்தினசாமி. இவரும் நீதிக்கட்சி வழி வந்தவர். சிறுவயதில் எங்கள் கடலூர்ப் புனித வளனார் பள்ளியில் பயின்றவர் என்பதால் எனக்கு ஒரு தனி உரிமை! கேம்பிரிட்ஜில் படித்து, பச்சையப்பன் கல்லூரி முதல்வராகி, சட்டமன்ற மேலவைத் தலைவராகி, 1930 முதல் 12 ஆண்டுகள் சென்னை மாகாணத் தேர்வாணையத்தில் இருந்தவர். பிற்காலத்தில் சுதந்திராக் கட்சிக்குப் போனார். அங்கே நமக்கும் அவருக்கும் வழி வேறு. அதற்காக இருப்பதை இல்லையென்று சொல்ல முடியுமா? 1945இல் அண்ணாமலையில் பொறியியல் புலம் தொடங்கியது அவர் காலத்தில். சென்னைக்குப் போக வழியில்லாத தென்னார்க்காட்டுப் பிள்ளைக்கு, ஒன்றரை மணி நேரப் புகைவண்டிப் பயணத்தில் பொறியியல் படிப்பு!

இன்னொன்று எந்தப் பட்டியலிலும் இல்லை. அந்த 1940களின் தொடக்கத்தில் அங்கே தமிழ் படித்த மாணவர்களுள் நெடுஞ்செழியன் ஒருவர், அன்பழகன் ஒருவர். முன்னவர் 1967இல் கல்வியமைச்சர். பின்னவர் 1996இல் கல்வியமைச்சர். வகுப்புப் பலகையில் அடுத்தடுத்து உட்கார்ந்த இளைஞர்களை எந்தத் துணைவேந்தரின் சாதனை என்று எழுதுவது? 1965 சனவரி 27ஆம் நாள் இந்தித் திணிப்பை எதிர்த்துக் கிளம்பி, காவல்துறையின் குண்டுக்குப் பலியான மாணவர் இராசேந்திரனை எந்தக் கணக்கில் வைப்பது? வாயிலருகே அவர் சிலையாக நிற்கிறார். மலரில் நிற்க மாட்டார்.

கடலூர்க்காரனின் மனக்குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அண்ணாமலை பிற கல்லூரிகளை இணைத்துக்கொள்ளாத பல்கலைக்கழகமாகவே நெடுங்காலம் இருந்தது. கடலூரில் 1964இல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி, இன்று பெரியார் பெயர் தாங்கும் கல்லூரி, சிதம்பரத்துக்கு ஏறத்தாழ 45 கல் தொலைவுகூட அல்ல, 45 கிலோமீட்டர்தான்! ஆயினும் அங்கே படித்தவனுக்குப் பட்டம் சென்னையிலிருந்து வந்தது. 2002க்குப் பின் வேலூரிலிருந்து வந்தது. பக்கத்து ஊர்க் கிணறு நிறைய நீர். குடிக்கக் குடமோ வெளியூரில்! 2021இல்தான் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகள் அண்ணாமலையோடு இணைக்கப்பட்டன.

அதற்கு முன்பே, 2013இல், நிதி நெருக்கடி முற்றித் தத்தளித்த பல்கலைக்கழகத்தை அரசு புதுச் சட்டம் இயற்றித் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆனாலும் அதன் மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் 5 இலட்சத்துக்கு மேல். மற்ற அரசுக் கல்லூரிகளிலோ 14 ஆயிரத்துக்கும் கீழ். 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட அமர்ந்தார்கள். விடுதியை விட்டுப் போகச் சொன்னார்கள், போகவில்லை. 2021 சனவரி இறுதியில் அது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக மாறியது, கட்டணம் இறங்கியது. சாதனைதான். பனியில் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் சாதனை.

இனி என் வீட்டுக் கதை. என் தங்கை புகுமுக வகுப்போடு படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுக்கப்பட்டவள். 1979இல் அண்ணாமலையில் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது. சில ஆண்டு கழித்து அவளைப் பி.லிட். படிப்பில் சேர்த்தேன். முதல் பாடப்பொதி தபாலில் வந்த அன்று, நீதிமன்ற ஓலை என்று எண்ணி மாமியார் கலங்கிவிட்டாராம்! அடுப்படியில் உட்கார்ந்து படித்தாள். தமிழாசிரியையாகி ஓய்வும் பெற்றாள். திரும்பி வந்தவளுக்குக் கதவு திறந்தது, அவ்வளவுதான் நடந்தது.

இதை எழுதும்போதுதான் கை நின்றது. நானும் ஒரு பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்து 2011இல் ஓய்வு பெற்றவன். எனக்கும் ஒரு மலர் போட்டார்கள். சுற்றுச்சுவர், கழிப்பறை, நூலக அலமாரி, எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில், "நூறு விழுக்காடு தேர்ச்சி".

அந்த நூறு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். 2008இல் ஒரு பெண் வந்தாள். தாய் இறந்ததால், பதினோராம் வகுப்பு முடித்ததும் படிப்பை நிறுத்தி, தம்பிகளுக்குச் சோறாக்கி, ஈராண்டு கழித்துப் பன்னிரண்டாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு வந்தாள். விதி தடுக்கவில்லை. நான்தான் தடுத்தேன். தேறாமல் போனால் விழுக்காடு குறையும் என்ற அச்சம்! "தனித்தேர்வராக எழுதிக்கொள் அம்மா" என்றேன், அன்பாகவே. "சரிங்க சார்" என்று போனாள். அவள் பெயர் வருகைப்பதிவேட்டில் இல்லை. ஆகவே தோல்விக் கணக்கிலும் இல்லை.

சென்ற ஆண்டு பண்ணுருட்டிப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். அவள்தான் அடையாளம் கண்டு வணக்கம் சொன்னாள். முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. கொட்டையின் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்திருந்தன. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் மகள். "ஏழாவது படிக்கிறாள் சார். அண்ணாமலையில் சேர்க்கணும்." தேர்வு எழுதினாயா என்று கேட்க எனக்கு வாய் எழவில்லை. பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டார்கள்.

பாராட்டுரைக்குப் பதிலாக இதை எழுதி அந்த மாணவருக்கு அனுப்பினேன். கூடவே ஒரு கேள்வியும் வைத்தேன்: உங்கள் துணைவேந்தர் காலத்தில் கட்டணம் கட்ட முடியாமல் நின்றவர் எத்தனை பேர், அவர்களில் திரும்பி வந்தவர் எத்தனை பேர்? பத்து நாள் கழித்து அழைத்தார். "ஐயா, அந்தக் கணக்கு அலுவலகத்தில் இல்லையாம். தங்கள் கட்டுரையும்… குழுவில் யோசிக்கிறார்கள்" என்றார். குரலில் கூச்சம் இருந்தது, நல்ல பிள்ளை.

மலர் வெளிவந்துவிட்டது. ஒரு படி எனக்கும் அனுப்பியிருக்கிறார். என் கட்டுரை அதில் இல்லாததால் இங்கே அனுப்பியுள்ளேன்.