கார்த்திகைக் கடலில் ஒரு மேற்றளம்

சவளக்கடையில் வாழ்வோருக்குக் கடலானது, கூப்பிடு தூரத்தில் இருந்தும் அதிகம் பழகாத உறவினரைப் போன்றது. கிழக்கே கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து சில கிலோமீற்றர் சென்றால் கல்முனை. கல்முனைக்கு அப்பால் வங்காள விரிகுடா. எனினும் நம்முடையது வயலும் வாய்க்காலும் சார்ந்த ஊர். நாம் அஞ்சிப் பழகிய நீர் மேற்கிலிருந்து வரும் வெள்ளநீரே. மாரி முற்றிவிட்டால் தாம்போதியின்மேல் நீர் குறுக்கறுத்துப் பாயும். பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகளும் அலுவல் பார்ப்போரும் இக்கரையில் நின்றுகொண்டு அக்கரையை நோக்குவர். 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி, இங்கிருந்து வெகுதூரமில்லாத காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில், மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இளம் உயிர்கள் பலியானதை இப்பகுதியில் எவரும் மறந்திலர். அம்மழையைக் கொணர்ந்த தாழமுக்கமே வடக்கு நோக்கி நகர்ந்து, ஃபெஞ்சல் என்னும் பெயர்பெற்று, அம்மாதம் 30ஆம் திகதி புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது.

இத்தகைய ஊரிலிருந்து சென்ற நாம், அதுவும் ஒரு கார்த்திகை மாதத்தில், விலைகொடுத்துச் சீட்டுப் பெற்று உல்லாசக் கப்பலொன்றில் ஏறினோம் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நடந்தது இதுதான். ராத்தாவின் கண் சிகிச்சைக்காகச் சென்னை சென்றிருந்தோம். சிகிச்சை நல்லபடி முடிந்தது. ஊர் திரும்ப இன்னும் ஒரு வாரம் இருந்தது. கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் அவருடைய மூத்த மகன், சென்னையிற் புறப்பட்டுக் கடலிற் சுற்றி மூன்றாம் நாள் சென்னைக்கே திரும்பும் கப்பலொன்றில் நம் நால்வருக்கும் இடம் பிடித்துவிட்டான். ராத்தா மறுப்பார் என்றே எண்ணினோம், அவர் மறுக்கவில்லை.

மறுப்பார் என எண்ணியதற்குக் காரணம் உண்டு. ராத்தா வாழ்க்கைப்பட்டது மருதமுனையில். கடற்கரைக்கு அருகே வீடு. வீட்டின் பின்புறம் கைத்தறி. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி காலையில், அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கும் அதிகமானோரைக் கொண்டுபோன அந்தக் கடல், வீட்டையும் தறியையும் அவருடைய இளைய பிள்ளையையும் கொண்டுபோயிற்று. அன்று முதல் அவர் சவளக்கடையில், வாப்பாவின் வளவில் இருக்கிறார். கல்முனைச் சந்தைக்குப் போவார். கடற்கரை வீதிக்குப் போகமாட்டார். அவர் முன்னிலையில் நாமும் கடலைப் பற்றிப் பேசுவதில்லை.

கடல்வழியே பாரதத்துக்கும் இலங்கைக்கும் இடையிற் பிரயாணஞ் செய்வது ஒரு காலத்திற் சாதாரண விஷயம். 1914ஆம் ஆண்டு தொட்டு நீராவிக் கப்பல்கள் தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் இணைத்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடந்த சேவையும் 1980களில் நின்றுபோயிற்று. அக்காலப் பிரயாணிகளுக்குக் கப்பற்றளம் என்பது மூட்டை முடிச்சுகளுடன் குந்தியிருக்கும் இடம். இன்றைய உல்லாசக் கப்பலோ, நகரொன்றைப் பெயர்த்தெடுத்து நீரில் மிதக்கவிட்டாற் போன்றது. நாம் ஏறியது இருநூறு மீற்றருக்கு மேல் நீளமுடையது. மாடிமேல் மாடியாகத் தளங்கள், உச்சியில் நீச்சற்குளம், உண்பதற்கோ நேரகாலம் இல்லை. உணவைப் பற்றி இதற்குமேல் எழுதப் போவதில்லை. இரண்டாம் நாள் அதை நினைக்கவும் நம்மாற் கூடவில்லை.

புறப்படுமுன் அனைவரையும் கூட்டி, ஆபத்துக் காலத்தில் எங்கே வந்து நிற்கவேண்டும் எனக் காட்டினர். ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அதுவே அபாய அறிவிப்பு. 2012ஆம் ஆண்டு இத்தாலியக் கரையில் கோஸ்டா கொன்கோர்டியா என்னும் கப்பல் பாறையில் மோதி 32 பேர் மாண்டபின், கப்பல் புறப்படுமுன்னரோ புறப்பட்ட உடனேயோ இப்பயிற்சியை நடத்தவேண்டுமெனச் சர்வதேச விதி இறுக்கப்பட்டது. பிரயாணிகள் பலர் கைத்தொலைபேசியிற் படம் பிடித்துக்கொண்டு நின்றனர். ராத்தா மாத்திரம், உயிர்காப்பு அங்கியின் நாடாவை எங்ஙனம் கட்டுவது என்று பணியாளரிடம் இருமுறை கேட்டறிந்தார்.

இரண்டாம் நாள் விடியுமுன்னரே கட்டில் நம்மை எழுப்பிவிட்டது. கப்பலின் அசைவு இருவகை. இடமும் வலமும் சாய்வது ஒன்று; முன்னும் பின்னும் ஏறி இறங்குவது மற்றொன்று. முதலாவதைத் தணிப்பதற்குக் கப்பலின் இருபுறமும் நீருக்கடியில் மீனின் செட்டை போன்ற தகடுகள் உள்ளன. இரண்டாவதற்கு மருந்தில்லை. எதிர்த்துவரும் அலையிற் கப்பலின் மூக்கு எழும்போது உடல் கனக்கும். விழும்போது குடல் மேலே நின்றுவிடும். உட்செவியிலுள்ள நீர் ‘ஆடுகிறோம்’ என்கிறது. அறையின் சுவரைப் பார்க்கும் கண் ‘அசைவேயில்லை’ என்கிறது. இவ்விரு சாட்சிகளும் முரண்படுவதே கடற்கிறுகிறுப்புக்கு மூலம். ஆகவேதான் தொடுவானத்தை நோக்கு, கப்பலின் நடுப்பாகத்தில் இரு என்று அனுபவசாலிகள் சொல்வர். இஞ்சித் துண்டைக் கடித்தவாறு, தொடுவானத்தைத் தேடி மேற்றளத்துக்குப் புறப்பட்டோம்.

நம்முடன் வந்த மச்சான் சாய்ந்தமருதுக் கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போய்வருபவர். இத்தனை பெரிய கப்பலில் அவர் ஏறியது இதுவே முதன்முறை. எனினும் நம்மில் வயிறு கலங்காதவர் அவர் ஒருவரே. கதவருகே வந்ததும் அவர் முதலிற் செய்தது மருமகனின் கையைக் கதவின் விளிம்பிலிருந்து தட்டிவிட்டதுதான். காற்று வெளியிலிருந்து அழுத்த, அந்த இரும்புக் கதவு விரலை நறுக்கும் வல்லமை பெறுகிறது. அலையைக் காட்டிலும் கதவுக்கும் நனைந்த தரைக்கும் அஞ்சவேண்டும் என்பதை அன்று அறிந்தோம்.

வெளியே வந்தோம். வானுக்கும் நீருக்கும் நிறம் ஒன்றே, ஈயத்தின் நிறம். அலைமுகடுகளைக் காற்றுக் கிள்ளியெடுத்துப் புகைபோல் வீசியது. நாற்காலிகளைக் கயிற்றாற் பிணைத்திருந்தனர். நீச்சற்குளத்தில் நீரில்லை, கப்பல் ஆடும்போது குளத்துநீரும் கரைபுரளும் என்பதால் வடித்து, மேலே வலை கட்டிவிட்டனர். நிமிர்ந்து நிற்க இயலவில்லை. இவ்வளவு காற்றா என வியந்தபோது மச்சான் சொன்னார்: “காத்து இவ்வளவு இல்ல. பாதி நம்மட ஓட்டம்.”

அவர் சொன்னது கணக்குக்கும் ஒக்கும். கப்பல் மணிக்கு 16 கடல்மைல் வேகத்தில் 25 கடல்மைற் காற்றை எதிர்த்துச் சென்றால், தளத்தில் நிற்பவன்மேல் மோதுவது 41 கடல்மைற் காற்று. ஏறத்தாழ 76 கிலோமீற்றர். காற்றின் அழுத்தமோ வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வது. எனவே நின்ற இடத்தில் நிற்பவன் தாங்குவதைப் போல் இரண்டரை மடங்குக்கும் அதிகமான சுமையை அவன் தாங்கவேண்டும். மாணவர்கள் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். காற்றோடு சேர்ந்து ஓடினால் எஞ்சுவது 9 கடல்மைல் மாத்திரமே, மாலை நேரத் தென்றலுக்குச் சற்றுக் கூடுதலாக.

ராத்தா கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றார். முக்காட்டை இறுகக் கட்டியிருந்தார். சிகிச்சை பெற்ற கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. அவர் தொடுவானத்தைப் பார்க்கவில்லை. கப்பலின் அடியில் பிளந்து புரளும் நீரையே பார்த்தார். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது: மேற்றளங்களை மூடப்போகிறார்கள், யாவரும் உள்ளே வரவேண்டும்.

“ராத்தா, உள்ளுக்குப் போவம். கதவ மூடப்போறாங்களாம்.”

“கொஞ்சம் நில்லு தம்பி. வாறன்.”

மகன் அருகே சென்றான். மச்சான் அவனைக் கையமர்த்தினார். நீர்த்துவலை நம்மெல்லோரையும் நனைத்தது. ராத்தா ஏதோ சொன்னார். காற்றில் நமக்குக் கேட்கவில்லை, கேட்கும்படி சொன்னதாகவும் தோன்றவில்லை. இளைய பிள்ளையின் பெயராக இருக்கலாம், துஆவாக இருக்கலாம். பணியாளன் ஒருவன் கம்பியைப் பிடித்துப் பிடித்து வந்து, “அம்மா, போதும், வாங்க” என்று பணிவோடு சொன்னபோது அவரே திரும்பி நடந்தார். உள்ளே வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உப்பு,” என்றார். அத்துடன் தேநீர் கேட்டார்.

இருபத்தொரு மணிநேரம் தளங்கள் மூடப்பட்டிருந்தன. பிரயாணிகள் சிலர் முறையிட்டனர்; கொடுத்த காசுக்குக் கடலைப் பார்க்கவில்லையாம். கப்டன் பாதையைச் சற்று மாற்றி, தாழமுக்கத்தினின்று விலகிச் செல்வதாக அறிவித்தார். கப்பல் திரும்பிக் காற்றை முதுகில் வாங்கியதும் ஊளைச் சத்தம் யாரோ வாயைப் பொத்தினாற் போல் அடங்கியது. கடல் அடங்கவில்லை; கேட்பதுதான் குறைந்தது. மருமகன் அன்றிரவு முழுவதும் காகிதப்பையும் கையுமாகக் கிடந்தான். ராத்தா அவன் தலைமாட்டில் இருந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாட் காலை கதவுகளைத் திறந்தனர். கம்பிகள் எங்கும் உப்புப் பூத்திருந்தது. அதைக் கழுவிக்கொண்டிருந்த பணியாளன் முன்தினம் வந்தவனே. தூத்துக்குடிப் பக்கத்தவன் எனத் தெரியவந்தது. மச்சானுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. காற்றுகளின் பெயர்களை இருவரும் ஒப்பிட்டனர். வாடை இருவருக்கும் வாடைதான், கொண்டலும் அவ்வாறே. பேச்சின் நடுவே மச்சான் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்து, “கொஞ்சம் கச்சான் எடுங்க தம்பி,” என்றார்.

அவன் வானத்தை அண்ணாந்து பார்த்தான். “கச்சானா? இப்ப எங்கேண்ணே கச்சான்? அது மேற்கே இருந்தில்ல அடிக்கும்?”

வறுத்த நிலக்கடலைக்கு நம் நாட்டில் அதுவே பெயர் என்று விளக்கியபோது, ராத்தா சிரித்த சிரிப்பை அங்கே நின்ற யாவரும் திரும்பிப் பார்த்தனர்.