கிளி இல்லாத சீட்டு

ஸ்ரீரங்கம்,
வெள்ளிக்கிழமை ராத்திரி

அடி சாந்தி,

மருமகள் நாலாயிரம் ரூபாய் கொட்டி ஏதோ டாரோ சீட்டுக்கட்டு வாங்கி, அதை விளக்குக்கு முன்னால் பரப்பி வைக்கிறாள் என்று புலம்பியிருந்தாயே, படித்துவிட்டுக் கரண்டியும் கையுமாக நின்று சிரித்தேன். மைசூருக்குப் போய் முப்பது வருஷமாகியும் உன் மூக்கு மட்டும் இன்னும் மேலச்சிந்தாமணியிலேயேதான் இருக்கிறது.

உடனே பதில் போடாததும் நல்லதாயிற்று. நாத்தனார் பெண் கல்யாணத்துக்குச் சின்ன வெங்காயம் வாங்க நேற்று விடிகாலை காந்தி மார்க்கெட் போனேன். மண்டியில் பேரம் பேசித் தொண்டை வற்றி, மரக்கடைப் பக்கம் நடந்து வந்தால் ஒரு கிளி ஜோசியர். தெப்பக்குளத்தோரம் உட்கார்ந்து உனக்கு டாக்டர் மாப்பிள்ளை என்று சொன்னாரே (வாய்த்தது எல்ஐசி!), அவருடைய மகனாம். அதே பெட்டி, அதே கூண்டு. கூண்டுக்குள் கிளியில்லை.

“ஃபாரஸ்ட்காரங்க வந்தா யாரும்மா பதில் சொல்றது?” என்றார்.

வாஸ்தவம்தான். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம். சட்டம் தூங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். 2024 தேர்தலில் கடலூரில் நின்ற டைரக்டர் தங்கர் பச்சான் ஒரு கிளியிடம் சீட்டு எடுத்தார், ஞாபகமிருக்கிறதா? ஜெயிப்பார் என்று சொன்ன ஜோசியரை வனத்துறை பிடித்துப் போய், கிளிகளைப் பறித்துக்கொண்டு எச்சரித்து அனுப்பியது. தங்கர் பச்சானும் தோற்றார். பாவம், கிளிக்கும் கெட்ட பேர்.

நம்ம ஆள் என்ன செய்தார் தெரியுமா? சீட்டுகளை விசிறி மாதிரி விரித்து, “நீங்களே ஒண்ணு உருவுங்க” என்றார். சாந்தி, உன் மருமகள் செய்வதும் இதேதானே! கிளி பறந்ததும் நம்ம சீட்டு டாரோ ஆகிவிட்டது.

அவளைத் திட்டாதே, முதலில் இதைக் கேள். டாரோவும் ஜோசியத்துக்குப் பிறந்ததில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலிப் பிரபுக்கள் பொழுதுபோகாமல் ஆடின சீட்டாட்டம். முந்நூறு வருஷத்துக்கு அப்புறம், 1781-ல், பாரிஸில் கூர் தெ ஜெபலன் என்ற பாதிரியார் இது எகிப்தியர்களின் ரகசியப் புத்தகம் என்று அளந்துவிட்டார். எகிப்து எழுத்தைப் படிக்க அன்றைக்கு உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, யார் மறுக்க முடியும்? அதிலிருந்து பிடித்தது குறிபார்க்கிற பைத்தியம்.

மிலான் பிரபு வீட்டுக்காகப் பொன்தகடு ஒட்டி வரைந்த பழைய டாரோ கட்டு ஒன்று இருக்கிறது. 78-ல் 74 மிச்சம். அதுவும் நியூயார்க்கிலும் பெர்கமோவிலுமாகப் பிரிந்து கிடக்கிறது. காணாமல் போன நான்கில் பிசாசுச் சீட்டும் இடிந்த கோபுரமும் சேர்த்தி. பிசாசையே தொலைத்த சாமர்த்தியசாலிகள்! இப்போது அச்சடிப்பவர்கள் அந்த நான்கையும் புதிதாக வரைந்து சேர்த்து விற்கிறார்கள். உன் மருமகளுடையது மார்செய் கட்டு என்கிறாயே, அதுவும் பழைய மரக்கட்டை அச்சுகளை ஒப்பிட்டுக் கோட்டையும் வண்ணத்தையும் மீட்டுக் கொண்டுவந்ததாக இருக்கும். காமுவான், ஹொதொரோவ்ஸ்கி என்று இரண்டு பேர் 1997-ல் அப்படி ஒன்று போட்டார்கள்.

வம்பு ஒன்று சொல்கிறேன். இன்றைக்கு உலகம் பூராவும் புழங்கும் 1909-ஆம் வருஷத்துக் கட்டை வரைந்தவள் பமீலா கோல்மன் ஸ்மித் என்கிற பெண். கட்டின் பேரோ ரைடர்-வெயிட். ஒருவர் பதிப்பாளர், ஒருவர் வரையச் சொன்னவர். சமைத்தவள் அடுப்படியில், பேர் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு. அவள் சும்மா இருக்கவில்லை, படத்துக்குள் தன் முதலெழுத்துகளைப் பின்னிப் போட்டுவிட்டாள். மருமகளிடம் கேட்டுத் தேடிப் பார்.

இதற்கெல்லாம் இத்தாலிவரை போவானேன்? நீ இருக்கும் ஊர் மகாராஜா மும்மடி கிருஷ்ணராஜர் கஞ்சிபாச் சீட்டில் புதுப்புது ஆட்டமாகக் கண்டுபிடித்துத் தள்ளினவர். தசாவதாரக் கஞ்சிபா என்றால் வட்டச் சீட்டு 120, அவதாரத்துக்குப் பன்னிரண்டு. பகலில் ஆடினால் ராமர் முதலில் இறங்க வேண்டும், ராத்திரி என்றால் கிருஷ்ணர். எவ்வளவு அழகு! பார், நம்ம கொள்ளிடக்கரை தசாவதார சன்னதியைச் சுற்றுகிறபோதெல்லாம் இனிமேல் எனக்குச் சீட்டாட்டம்தான் ஞாபகம் வரும், அபசாரம்.

மகாராஷ்டிரத்துச் சாவந்த்வாடியில் கஞ்சிபா வரைகிற வேலை அழிகிற கட்டத்தில், அந்த ஊர் ராஜாவும் ராணியுமே வயசான சித்தாரி ஓவியர் ஒருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு 1970-களில் பட்டறை தொடங்கினார்கள். 2024-ல் புவிசார் குறியீடும் வந்தது. சீட்டுக்கு விறைப்பு கொடுப்பது எது தெரியுமா? புளியங்கொட்டைக் கூழ்! நம்ம புளி மண்டியில் காலில் இடறுகிற சமாசாரம். ஆனால் இவ்வளவு பாடுபட்டு மீட்ட சீட்டைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டுகிறார்கள், சாந்தி. ஆடத் தெரிந்தவர்கள் அபூர்வம். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

நம்ம ஜோசியர் கட்டு அப்படியில்லை. கேட்டதும் மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். முருகனுக்கு ஓரமெல்லாம் கிளி கடித்த பல் பல்லான தடம். வேளாங்கண்ணி மாதா முதுகில் செலோடேப். மகாலட்சுமி கிழிந்து போனதால் போன வருஷ ஜவுளிக்கடைக் காலண்டரிலிருந்து கத்தரித்து மைதாப் பசையில் ஒட்டியிருந்தார். புத்தர் மட்டும் அப்பா காலத்து அச்சு, மஞ்சள் வெளுத்து மோர் நிறம். மியூசியக்காரர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். எனக்கென்னவோ, இதுதான் சரியான பராமரிப்பு என்று பட்டது. கடித்த முருகனை ஐந்நூறுக்குக் கேட்டேன். “கட்டு குறைஞ்சா தொழில் ஓடுமாம்மா?” என்று வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

எனக்கு வந்தது அந்தக் காலண்டர் மகாலட்சுமி. வடமேற்குத் திசையிலிருந்து பழைய பாக்கி ஒன்று வந்து சேருமாம். உன் கல்யாணத்தன்று புளியோதரை போட்டுக் கொடுத்தேனே, அந்த எவர்சில்வர் தூக்கு இன்னும் உன்னிடம்தானே இருக்கிறது?

உன்,
பத்மா