அம்மாவுக்கு என்ன சமைப்பது?

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று தமிழாசிரியை கேட்டபோது, சுற்றுலா சென்று வந்ததைப் பற்றியோ எங்கள் ஊர் உப்பளங்களைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். ஆனால் ஒன்றரை ஆண்டுகளாக எங்கள் வீட்டில் பொழுது விடிந்ததும் எழுகின்ற கேள்வி ஒன்றே ஒன்றுதான். இன்று அம்மாவுக்கு என்ன சமைப்பது? அதைப் பற்றியே எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். பத்தாம் வகுப்பில் படிக்கும் மூத்தவள், எட்டாம் வகுப்புத் தங்கை, ஐந்தாம் வகுப்புத் தம்பி. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. பாதி நாள் இரவு முறை. ஆகவே அடுப்படி எங்கள் பொறுப்பாயிற்று.

அம்மாவுக்கு வந்தது மார்பகப் புற்றுநோய். இந்தச் சொல்லைப் பள்ளி மலரில் எழுதலாமா என்று தயங்கி சிஸ்டரிடம் கேட்டோம். “நம் நாட்டுப் பெண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோயே அதுதானே? மூடி மறைத்து என்ன லாபம்? எழுதுங்கள்” என்றார்கள். எழுதிவிட்டோம்.

2023 ஆகஸ்டில் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. செப்டம்பர் 15ஆம் தேதி முதல் 21 நாட்களுக்கு ஒரு முறை திருநெல்வேலிக்குச் சென்று நரம்பில் மருந்து ஏற்ற வேண்டும். மொத்தம் எட்டுத் தவணை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எங்கள் வீட்டு மருந்து ஐந்து மாதம் நீடித்தது. முதல் நான்கு தவணைக்கான மருந்து ரோஸ்மில்க் போலச் சிவப்பாக இருக்கும். அன்றிலிருந்து தம்பி ரோஸ்மில்க் குடிப்பதையே விட்டுவிட்டான்.

மருந்து ஏற்றி முடிந்து வீட்டுக்கு வந்ததுமே உறவினர் வருகை ஆரம்பமாயிற்று. எல்லாரும் பாசமாகத்தான் வந்தார்கள். வரும்போதே ஒவ்வொரு பத்தியமும் கொண்டு வந்தார்கள். இனிப்பு தின்றால் கட்டி வளரும் என்றார் சித்தி. முட்டை சூடு, பால் ஆகாது, மீன் கிரந்தி என்றார் ஆச்சி. முள்சீத்தா இலையைக் காய்ச்சிக் குடித்தால் மருந்தே தேவையில்லை என்று ஒரு மாமா ஒரு பை நிறைய இலை பறித்து வந்தார். கோதுமைப்புல் சாறு, கருஞ்சீரகம், வெறும் வயிற்றில் பச்சை மஞ்சள் என்று தொலைபேசியிலும் வந்துகொண்டே இருந்தது. அம்மா பிழைக்க வேண்டுமே என்ற பயத்தில் நாங்கள் ஒன்றையும் தள்ளவில்லை. ஒரு தாளில் ‘கூடாதவை’ என்று எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினோம். பட்டியல் நீண்டு நீண்டு, கடைசியில் அரிசிக் கஞ்சி, சுரைக்காய், பீர்க்கங்காய் இவை மட்டுமே மிஞ்சின.

மீன் தானாகவே நின்றது. எங்களுடையது கடற்கரைத் தெரு. காலை எட்டு மணிக்கு எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் மீன் குழம்பு வாசம்தான். சாளை, நெத்திலி, ஊளி என்று மீனோடு பிறந்து வளர்ந்த அம்மாவுக்கு, முதல் தவணை முடிந்த மறுநாள், பக்கத்து வீட்டுக் கவிச்சி வாடை வந்தாலே குமட்டியது. ஜன்னலைச் சாத்தினோம். தாளிக்கும் வாசமும் ஆகவில்லை. கொல்லைப்புறத்தில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வைத்து அங்கே சமைக்கத் தொடங்கினோம். சூடாகக் கொடுத்தால் வாசம் தூக்கும் என்பதால் ஆற வைத்துக் கொடுத்தோம். தண்ணீர் குடித்தால் இரும்பைச் சப்பியதுபோல் இருக்கிறது என்றார். எவர்சில்வர் டம்ளரையும் கரண்டியையும் எடுத்து வைத்துவிட்டு, பீங்கான் கோப்பையும் மரக்கரண்டியும் கொடுத்தோம். அது கொஞ்சம் உதவியது.

மூன்றாம் தவணைக்குப் போனபோது அம்மாவின் எடை 49 கிலோ. சிகிச்சைக்கு முன் 54. “இப்படிக் குறைந்தால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், தவணையைத் தள்ள வேண்டியிருக்கும்” என்று மருத்துவர் கூறி, உணவு ஆலோசகரான ஓர் அம்மையாரிடம் அனுப்பினார். எங்களில் மூத்தவள் அன்று பள்ளிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போயிருந்தாள். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலையும் பெருமையோடு மடித்து எடுத்துப் போயிருந்தாள்.

அந்த அம்மையார் திட்டவில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். சிகிச்சை நேரத்தில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 கிராம் புரதமாவது வேண்டும்; முடிந்தால் 1.5 கிராம் வரை போகலாம். 49 கிலோவுக்குக் கிட்டத்தட்ட 60 கிராம். நாங்கள் கொடுத்து வந்த கஞ்சியையும் சுரைக்காயையும் கூட்டிப் பார்த்தால் 20 கிராம்கூடத் தேறவில்லை. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ அதே அளவு, 100 கிராம் மீனில் 20 கிராம் அளவு. நாங்கள் எதையெல்லாம் ‘கூடாதவை’ என்று எழுதினோமோ அதிலேதான் அம்மாவுக்கு வேண்டியது எல்லாம் இருந்தது! கணக்குத் தேர்வில் தோற்றாற்போல் தலை குனிந்து நின்றோம்.

சர்க்கரையைப் பற்றியும் கேட்டோம். புற்றணுக்கள் சர்க்கரையை மிகுதியாக எடுத்துக்கொள்வதை 1920களிலேயே ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் என்ற விஞ்ஞானி கண்டார். இன்றைக்கும் பெட் ஸ்கேனில் கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையைச் செலுத்தித்தான் கட்டி இருக்கும் இடத்தைத் தேடுகிறார்கள். ஆனால் உடம்பிலுள்ள எல்லா அணுக்களுக்கும் சர்க்கரை வேண்டும். நாம் இனிப்பை நிறுத்தினாலும் சோற்றிலிருந்து, அதுவும் இல்லையேல் தன் சதையைக் கரைத்தாவது உடம்பு சர்க்கரை செய்துகொள்ளும். இனிப்பை நிறுத்திக் கட்டியைப் பட்டினி போட முடியும் என்பதற்குச் சான்று இல்லை என்று விளக்கினார். முள்சீத்தாவுக்கு வந்தபோது மட்டும் அவர் குரல் கடுமையாயிற்று. ஆய்வுக்கூடத்துக் குப்பியில் செத்த அணுக்களை வைத்துக்கொண்டு மனிதருக்கு மருந்து சொல்லக்கூடாது, மருந்து ஏற்றும் காலத்தில் கஷாயங்களால் கல்லீரல் கெட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். சமையலில் போடும் மஞ்சள் இருக்கட்டும், மாத்திரையாக விற்கும் மஞ்சள் வேண்டாம் என்றார்.

அன்று இரவு பட்டியலைக் கிழித்துவிட்டு, அடுத்த பட்டியல் போட உட்கார்ந்தோம். காலை முட்டை, பதினொரு மணிக்குப் பால், ஒரு மணிக்குப் பருப்பு என்று தங்கை கோடு போட்டு எழுதிக்கொண்டிருந்தாள். படுத்திருந்த அம்மா, “எனக்கு என்ன வேணும்னு இந்த வீட்டுல யாராச்சும் என்கிட்ட கேட்டீங்களாடி?” என்றார்.

உண்மைதான். ஊரெல்லாம் கேட்ட நாங்கள் அம்மாவை மட்டும் கேட்கவில்லை.

“என்னம்மா வேணும்?” என்று கேட்டோம். வெகு நேரம் யோசித்துவிட்டு, “மக்ரூன்” என்றார்.

எங்கள் தூத்துக்குடி மக்ரூனைப் பற்றி இந்த மலரைப் படிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. மறுநாள் காலையே தம்பி ஓடிப்போய் வாங்கி வந்தான். அந்த வாரம் அம்மாவின் வாயெல்லாம் புண்ணாக இருந்தது. புளிப்பு, காரம், ஏன், தோசையின் முறுகல்கூடக் குத்தியது. மக்ரூனோ நாக்கில் வைத்ததும் கரைந்தது. ஆறு தின்றார். முந்திரியும் வெள்ளைக்கருவும் கணக்கில் சேரும் என்று உணவு ஆலோசகரும் பிறகு சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். பல்லுக்குக் கேடு, அதனால் உடனே வாய் கொப்பளிக்க வேண்டும் என்றார். வெதுவெதுப்பான நீரில் உப்பும் ஆப்பசோடாவும் போட்டு நாளைக்கு நான்கைந்து தடவை கொப்பளித்ததில் வாய்ப்புண்ணும் ஆறிவந்தது.

அதன்பின் அம்மாவே தேர்ந்தெடுத்தார். நாங்கள் செய்ததெல்லாம் அவர் கேட்டதில் புரதத்தை ஒளித்து வைத்ததுதான். கஞ்சி கேட்டால் பாசிப்பருப்பைக் குழைய வேகவிட்டுச் சேர்த்தோம். இடியாப்பம் கேட்டால் முட்டைப் பால் ஊற்றினோம். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்தோம். சிறிய தட்டில் வைத்தால் மலைப்பு வராது என்று கண்டுபிடித்தது தம்பிதான்.

இனி எழுதப் போவது எங்களுக்கு எழுதக் கஷ்டமானது. இந்த மருந்து ஏற்றிய ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது பச்சைக் காய்கறிப் பச்சடி, வெட்டி வைத்த பழம், அரைவேக்காட்டு முட்டை, வெளியில் வைத்த பழைய உணவு எதுவும் ஆகாது. புதிதாகச் சமைத்துச் சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான்காம் தவணையின் ஒன்பதாம் நாள் அம்மா பழைய சோறும் சின்ன வெங்காயமும் கேட்டார். கூடாது என்று எங்களுக்குத் தெரியும். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர், வாய்விட்டுக் கேட்கிறார். அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு கிண்ணம் கொடுத்தோம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ரசித்துச் சாப்பிட்டார்.

மறுநாள் இரவு காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டியது. 100.4ஐத் தாண்டினாலே காத்திருக்கக் கூடாது என்பது உத்தரவு. அப்பா வாடகைக் கார் பிடித்து இரவோடு இரவாகத் திருநெல்வேலிக்குக் கொண்டு போனார். ஐந்து நாள் ஊசி மருந்து. நாங்கள் மூவரும் ஆச்சியோடு வீட்டில் இருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அப்பாவிடம் சொல்லிவிட்டோம். அப்பா மருத்துவரிடம் கேட்டிருக்கிறார். சோற்றால் வந்ததென்று சொல்ல முடியாது, பெரும்பாலும் நோயாளியின் குடலிலும் தோலிலும் ஏற்கெனவே இருக்கும் கிருமிகளாலேயே இந்தக் காய்ச்சல் வருகிறது, ஆனாலும் இனிக் கொடுக்க வேண்டாம் என்றாராம். அது எங்களுக்கு ஆறுதலா இல்லையா என்று இன்றுவரை தெரியவில்லை.

டிசம்பர் 8ஆம் தேதி ஐந்தாம் தவணை. அதிலிருந்து பத்தாம் நாளில்தான், தோழியரே, உங்கள் எல்லார் வீட்டையும் போல எங்கள் வீட்டையும் வெள்ளம் சூழ்ந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யார் மறப்பார்கள்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர்! தெருவில் இடுப்பளவு தண்ணீர். மின்சாரம் இல்லை. பால் இல்லை. சாக்கடையும் கிணறும் ஒன்றாகிவிட்டன. அம்மாவோ வெள்ளை அணுக்கள் குறைந்த நிலையில் கட்டிலின்மேல் இருக்கிறார். முந்தைய மாதக் காய்ச்சல் எங்கள் நினைவை விட்டு அகலவில்லை.

மாடியறைக்கு அடுப்பைத் தூக்கிச் சென்றோம். மாடித் தொட்டியில் இருந்த நீரை வடிகட்டி, தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்துத்தான் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தினோம். அம்மாவின் தட்டைக்கூட அந்த நீரில்தான் கழுவினோம். படகில் வந்தவர்கள் உணவுப் பொட்டலம் கொடுத்தார்கள். தக்காளிச் சாதம், இன்னும் லேசான சூடு. எப்போது கட்டியதோ? நாங்கள் சாப்பிட்டோம், அம்மாவுக்குக் கொடுக்கவில்லை. பசியோடு இருப்பவரின் முன்னால் உட்கார்ந்து அதைச் சாப்பிட மனம் வராமல் படிக்கட்டில் இருந்து சாப்பிட்டோம். வீட்டில் இருந்தவை பதினான்கு முட்டை, இரண்டு கிலோ பாசிப்பருப்பு, ரவை, பொட்டுக்கடலை. முட்டையை நன்றாக வேகவைத்துக் கொடுத்தோம். ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக ஒரு கிண்ணம் கஞ்சி வைத்தோம், மிச்சத்தை நாங்கள் முடித்தோம். மூன்றாம் நாள் நம் விடுதிக் காவலாளி முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, சிஸ்டர் கொடுத்தனுப்பியதாக ஒரு பால்பவுடர் டப்பாவைத் தந்தார். அந்த டப்பா இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் இப்போது கடுகு வைத்திருக்கிறோம்.

காய்ச்சல் வரவில்லை.

எட்டாம் தவணை 2024 பிப்ரவரி 9ஆம் தேதி முடிந்தது. ஐந்தாம் நாள் திருநீற்றுப் புதன். அம்மா ஒருசந்தி இருக்கப் போவதாகச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார். பங்குத்தந்தை வீட்டுக்கே வந்து சாம்பல் பூசிவிட்டு, நோயாளிகளுக்கு நோன்புக் கடமை இல்லை என்று சொல்லி, நாங்கள் வைத்திருந்த இரண்டு இட்லியை அம்மா சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். மார்ச்சில் 15 நாள் கதிர்வீச்சு. அது சாப்பாட்டைப் பெரிதாகப் பாதிக்கவில்லை, களைப்புதான் அதிகம்.

இத்துடன் எங்கள் பாடு தீர்ந்தது என்று நினைத்தோம். எல்லாம் தலைகீழாயிற்று! பிந்திய நான்கு தவணைகளோடு கொடுத்த ஸ்டீராய்டு மருந்திலேயே அம்மாவுக்குப் பசி திறந்துவிட்டது. சிகிச்சை முடிந்த பின் உறவினர்கள் மறுபடி வந்தார்கள், இம்முறை அல்வாவும் ஆட்டுக்காலும் எடுத்துக்கொண்டு. “உடம்பு தேறணும், நல்லாச் சாப்பிடு” என்றார் அதே சித்தி. ஜூன் மாதம் எடை 61 கிலோ, இரத்தத்தில் சர்க்கரையும் எல்லையில் நின்றது. அன்று ‘ஊட்டுங்கள்’ என்ற அதே ஆலோசகர், இன்று சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டச் சொல்கிறார். ஆட்டிறைச்சி எப்போதாவது போதும், பதப்படுத்திய இறைச்சி வேண்டாம் என்கிறார். அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2015இல் சேர்த்துவிட்டதாம். பழைய பழக்கத்தை மாற்றுவது, சாப்பிட முடியாதவரைச் சாப்பிட வைப்பதைவிடக் கடினம் என்று இப்போது தெரிகிறது. ஏனென்றால் அம்மா நன்றாக இருக்கிறார், எங்களை அதட்டுகிறார்.

மீன் மட்டும் வெகு நாள் வரவில்லை. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, தெருவில் கூவிக்கொண்டு போன மீன்காரம்மாவை அம்மாவே கூப்பிட்டார். சாளையின் செவுளைத் தூக்கிப் பார்த்து, விலை பேசி, “இது நேத்து மீனு” என்று சண்டையும் போட்டு வாங்கினார். கொல்லை ஸ்டவ்வில் இல்லை, அடுப்படியில் வைத்தே புளியும் தேங்காயும் கூட்டிக் குழம்பு வைத்தார். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன.

சோறு மூன்று கரண்டிதான் என்பது ஏற்பாடு. பரிமாறியது தம்பி, எண்ணிக்கொண்டே போட்டான். நாங்கள் தண்ணீர் எடுக்க எழுந்து போய்த் திரும்பியபோது அம்மாவின் தட்டில் நான்காவது கரண்டி இருந்தது. தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.