மறைத்த மூன்றாண்டுகள்

மோதி பாக் குடியிருப்பில் எங்கள் மைந்தன் தன் 16ஆம் வயதில் இரவெல்லாம் உறங்காது பேசினான். பின்னர் மாதக்கணக்கில் பேச்சின்றிக் கிடந்தான். ஜாதகம் பார்த்தோம், மலை மந்திரில் வேண்டிக்கொண்டோம், மூன்றாண்டுகள் ஊராரிடம் மறைத்தோம்.

இருமுனை மனநோய் என மருத்துவர் உரைத்தபின் அறிந்தோம்: இளமையிலேயே தொடங்குவதும், குடும்பத்தில் முன்னரே மனநோய் இருந்ததும் நோயின் போக்கைக் கடுமையாக்கலாம், அவற்றை மாற்ற இயலாது. சிகிச்சையில் தாமதமும், மருந்தை இடையில் நிறுத்துவதும், போதைப் பழக்கமும், உறக்கக் கேடும், வீட்டாரின் ஓயாத ஏச்சும் அவ்வாறே கெடுப்பன, இவற்றையோ மாற்றலாம்.

ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் வெளியிட்ட லித்தியச் சிகிச்சையின் துணையால் இன்று அவன் கல்லூரி செல்கிறான்.

மானத்துக்கு அஞ்சியவர் நாங்கள், துன்புற்றவன் அவன். அன்பர்களே, மறைக்காதீர்கள், 14416 என்னும் அரசின் டெலி மானஸ் தொலைபேசியிலேனும் இன்றே கேளுங்கள்.