ஆறு மணிக்குத் திறக்கும் வாயில்

நுழையும்முன்

விரைந்து செல்லவே எல்லாரும் விரும்புகிறோம். ஆனால், சில வழிகள் நம்மைக் காத்திருக்கச் செய்கின்றன. மைசூருவிலிருந்து நீலமலைக்குச் சென்ற ஒரு சிறுமியின் இரவுப் பயணத்தை இப்பாடம் கூறுகிறது.

மைசூரு விஜயநகர் இரண்டாம் ஸ்டேஜில் உள்ள ஒரு சிறிய வீட்டில், ஆடி மாத இரவு எட்டு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. உதகமண்டலத்திலிருந்து அண்டை வீட்டார் பேசினர். அங்குத் தனியே வாழ்ந்துவந்த பாட்டி, பாசி படர்ந்த முற்றத்தில் வழுக்கி விழுந்துவிட்டார்; தொடை எலும்பு முறிந்துவிட்டது; மறுநாள் காலை பதினொரு மணிக்கு அறுவைச் சிகிச்சை. "அதற்கு முன் மகனையும் பேத்தியையும் பார்த்துவிட வேண்டும் என்கிறார்" என்று அவர்கள் கூறினர்.

தந்தை கடிகாரத்தைப் பார்த்தார். கூடலூர் வழியாக உதகைக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர். பகலாக இருந்தால் உடனே புறப்பட்டிருக்கலாம். ஆனால், வழியில் பந்திப்பூர்க் காடு இருக்கிறது. அக்காட்டுச் சாலை 2009ஆம் ஆண்டு முதல் இரவு ஒன்பது மணிக்கு மூடப்பட்டுக் காலை ஆறு மணிக்கே திறக்கப்படுகிறது. அவசர ஊர்திகளும் குறிப்பிட்ட சில அரசுப் பேருந்துகளும் மட்டுமே இடையில் செல்லலாம். அப்பேருந்துகளில் அன்று ஓரிடமும் இல்லை. பெங்களூருவிலிருந்து வரும் மற்றொரு பேருந்து, பின்னிரவில் மைசூருவைக் கடந்து, வாயில் திறக்கும்வரை காத்திருந்து செல்லும் என அறிந்து, அதில் இரண்டு இருக்கைகளைப் பதிவு செய்தார்.

மூன்று மணிக்குப் புறநகர்ப் பேருந்து நிலையத்தில் தந்தையும் மகளும் ஏறினர். சிறுமிக்கு உறக்கம் வரவில்லை. பாட்டியிடம் என்ன பேசுவது என்னும் கவலை அவளுக்கு. பள்ளியில் அவள் பேசுவது கன்னடமும் ஆங்கிலமும். தமிழ் வீட்டோடு சரி. தொலைபேசியில் பாட்டி கேட்கும் கேள்விகளுக்கு, "ஆம்", "இல்லை" என்று சொல்லி அவள் தந்தையிடம் கொடுத்துவிடுவாள். இம்முறை அப்படிச் செய்ய இயலாது. வழியில் காண்பவற்றை எல்லாம் தமிழில் சொல்லவேண்டும் என்று எண்ணி, சொற்களை ஒவ்வொன்றாக மனத்துக்குள் அடுக்கிக்கொண்டு வந்தாள்.

நஞ்சன்கூடும் குண்டுலுபேட்டையும் இருளில் கடந்தன. ஐந்து மணிக்குச் சற்று முன் பேருந்து நின்றது. முன்னே சாலையின் குறுக்கே ஒரு தடுப்பு. அதன்முன் சரக்குந்துகளும் மகிழுந்துகளும் வரிசையாக நின்றன. தந்தை இறங்கிச் சென்று வனக்காவலரிடம் கன்னடத்தில் மன்றாடினார். "என் தாய் மருத்துவமனையில் இருக்கிறார். மனித உயிரைவிட விலங்குகள் பெரியனவா?"

காவலர் சினம் கொள்ளவில்லை. "நோயாளி உங்கள் வண்டியில் இருந்தால் இப்போதே திறப்பேன், ஐயா. பார்க்கச் செல்வோர் ஒரு மணி நேரம் பொறுக்கலாம்" என்றார்.

சிறிது நேரத்தில், காட்டின் பக்கமிருந்து நீல விளக்கு ஒன்று சுழன்றுகொண்டு வந்தது. அவசர ஊர்தி! காவலர் ஓடிச் சென்று தடுப்பை உயர்த்தினார். ஊர்தி மைசூருவை நோக்கிப் பறந்தது. தடுப்பு மீண்டும் இறங்கியது. தந்தை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒன்றும் பேசவில்லை.

அருகில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த முதிய சரக்குந்து ஓட்டுநர் தமிழில் பேசத் தொடங்கினார். "தடை வருவதற்கு முன் இந்தச் சாலையில் இரவெல்லாம் ஓட்டியவன் நான். விளக்கொளி கண்ணில் பட்டால் மான் ஓடாது, தம்பி, அப்படியே நின்றுவிடும். ஒருநாள் ஒரு புள்ளிமான் என் வண்டியின் முன் அப்படித்தான் நின்றது. தடையை அழுத்தினேன்; பயனில்லை. காலையில் வண்டியைக் கழுவும்போது என் கை நடுங்கியது. வாயிலை மூடியபோது எனக்கும் வருமானம் குறைந்தது, திட்டினேன். ஆனாலும், அந்த மானை என்னால் மறக்க முடியவில்லை."

பந்திப்பூர், 1973ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமானது. அதனை அடுத்துத் தமிழ்நாட்டின் முதுமலைக் காப்பகமும், கேரளத்தின் வயநாட்டுக் காடும், கர்நாடகத்தின் நாகரகொளெயும் உள்ளன. நம் வரைபடத்தில் மூன்று மாநிலங்கள். யானைக்கு அது ஒரே காடு. நீரையும் மேய்ச்சலையும் நாடி யானைக் கூட்டங்கள் அக்காடு முழுவதும் இடம்பெயர்கின்றன. அவற்றின் வழியைச் சாலை குறுக்கே வெட்டுகிறது. பகல் முழுவதும் ஊர்திகள் ஓடும் அச்சாலையில், விலங்குகள் அச்சமின்றிக் கடப்பதற்கு எஞ்சியிருப்பது இரவு மட்டுமே.

ஆறு மணிக்குத் தடுப்பு உயர்ந்தது. சிறிது தொலைவு சென்றதும் ஓட்டுநர் மெல்லப் பேருந்தை நிறுத்தி, ஒலியெழுப்பாமல் இருந்தார். பெண் யானை ஒன்று சாலையில் கால் வைத்தது. அதன் வயிற்றின்கீழ் ஒரு குட்டி. பின்னே இரண்டு யானைகள். குட்டி நடுச்சாலையில் நின்று பேருந்தை நோக்கித் துதிக்கையை நீட்டியது. பின்னே வந்த யானை அதனை நெற்றியால் மெல்லத் தள்ளிச் சென்றது. பேருந்தில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. தந்தையும் அப்போது கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மாநில எல்லையைத் தாண்டி, தெப்பக்காட்டில் மாயாற்றைக் கடந்து, பேருந்து கூடலூரை அடைந்தது. அங்கிருந்து ஏற்றம். நடுவட்டத்தை நெருங்கியபோது உலகமே வெண்மையாகிவிட்டது. தேயிலைத் தோட்டங்கள் மறைந்தன. சாலையோர மரங்கள் நிழல்களாகி, பிறகு நிழலும் இல்லாமற்போயின. மைசூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; உதகையோ 2,240 மீட்டர். தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு இம்மலைச்சரிவில் ஏறும்போது குளிர்கிறது. அதிலுள்ள நீராவி நுண்துளிகளாக மாறுகிறது. தரையிலிருந்து அண்ணாந்து பார்ப்பவர்க்கு அது முகில். அதற்குள்ளே இருப்பவர்க்குப் பனிமூட்டம்.

ஓட்டுநர் முகப்பு விளக்கின் ஒளியைத் தாழ்த்தினார். உயர்த்தினால், துளிகளில் பட்ட ஒளி திரும்பி வந்து அவர் கண்களையே கூசச்செய்யும். ஒவ்வொரு வளைவிலும் ஒலியெழுப்பி, எதிரொலிக்குக் காதுகொடுத்து, நடப்பவரின் வேகத்தில் பேருந்தைச் செலுத்தினார். மணி ஒன்பது ஆயிற்று, ஒன்பதரையும் ஆயிற்று. காட்டில் மன்றாடிய தந்தை இங்கு ஒன்றும் கேட்கவில்லை. மகளின் கையைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருந்தார். சிறுமியோ சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, இந்த வெண்மைக்குத் தமிழில் என்ன பெயர் என்று தேடினாள். நாவில் வந்தது கன்னடச் சொல் மட்டுமே.

மருத்துவமனையை அவர்கள் அடைந்தபோது பத்தரை மணி. கம்பளிக்குள் பாட்டி சுருங்கிக் கிடந்தார். மகனின் தலையைத் தடவினார். பின் பேத்தியைப் பார்த்தார். "வா, கண்ணு. வழியில் யானை பார்த்தாயா?"

சிறுமி, இரவெல்லாம் அடுக்கிவைத்த சொற்களை எடுத்தாள். மூடிய வாயிலைச் சொன்னாள். துதிக்கை நீட்டிய குட்டியைச் சொன்னாள். இடையிடையே தடுமாறினாள், பாட்டி திருத்தாமல் கேட்டார். "அதற்குப் பிறகு ஒன்றுமே தெரியவில்லை, பாட்டி. ஒரே..." என்று நிறுத்தினாள். பிறகு வேறு வழியின்றி, "மஞ்சு" என்றாள். "அது கன்னடம். தமிழில் தெரியவில்லை."

பாட்டி சிரித்தார். "யார் சொன்னது? மஞ்சு நம் சொல்லும்தான், கண்ணு. மலைமேல் தவழும் முகிலுக்கும் பனிக்கும் பழைய பெயர். கன்னடத்துக்கும் தமிழுக்கும் அது பொது."

அப்போது செவிலியர் சக்கரக் கட்டிலுடன் வந்தார். "காத்திருக்கிறாயா?" என்று பாட்டி கேட்டார். "காத்திருக்கிறேன், பாட்டி" என்றாள் சிறுமி. அச்சொல்லைத் தேட வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை.

அறுவைச் சிகிச்சை நலமாக முடிந்தது. ஆறு வாரங்கள் கழித்து, ஒரு பகற்பொழுதில், பாட்டி விஜயநகருக்கு வந்து சேர்ந்தார். இப்போதும் சுவர்க்கடிகாரம் இரவு ஒன்பது அடிக்கும்போது சிறுமி படிப்பதை நிறுத்தித் தெற்கே பார்க்கிறாள். அங்கே ஒரு தடுப்பு இறங்கியிருக்கும். இருளில் ஒரு யானைக்குட்டி, யாரையும் அஞ்சாமல், நடுச்சாலையில் நின்றுகொண்டிருக்கும்.