டாலிகஞ்சின் கொல்லைகளும் முதிர்ந்த பெற்றோரும்

கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள டாலிகஞ்சுக்கு மெட்ரோ ரயில் 1986-ஆம் ஆண்டில் வந்தது. 1770-களில் ஆதிகங்கையைத் தூர்வாரிக் கால்வாயாக்கிய மேஜர் வில்லியம் டாலியின் பெயரே இவ்வூருக்கு நிலைத்தது. தமிழருக்கு இவ்வூர் முற்றிலும் அந்நியமன்று. 1806-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபின், அங்கே காவலில் இருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தார் இப்பகுதிக்கே கொண்டுவரப்பட்டனர். இன்றோ வங்காள நோயாளிகள் பலர் மருத்துவத்துக்காக அதே வேலூருக்கு ரயிலேறுகின்றனர். டாலிகஞ்சுக்கு வடக்கே, லேக் மார்க்கெட்டைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன.

1947-இல் தேசம் பிரிந்தபோது கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் விஜய்கர், ஆசாத்கர், நேதாஜி நகர் போன்ற குடியிருப்புகளை இங்கே அமைத்தனர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிடைத்தது சில கட்டா நிலமே. ஒரு கட்டா என்பது 720 சதுர அடி. அதற்குள் வீடும் கட்டி, வாழையும் தென்னையும் நட்டு, சுரையையும் பூசணியையும் கூரைமேல் படரவிட்டனர். இளையவர்கள் நகரத்துக்கு வேலைக்குச் செல்ல, கொல்லை பெண்களுக்கும் முதியவர்களுக்கும் உரியதாயிற்று. அக்கொல்லைகளில் பலவற்றின்மேல் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. ஆயினும், சிறு நிலமும் முதியவரும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ முடியும் என்பதை அவை காட்டிச் சென்றன.

நம் வாசகர்களில் சிலருக்குப் புறநகரில் சிறு மனையும் கொல்லையும் உண்டு. வேறு சிலருக்கு ஊரில் பத்து சென்ட் நிலமும், அதை விட்டுவர மனமில்லாத தாயும் உண்டு. இவர்களுக்கு வரும் நெருக்கடி பெரும்பாலும் காலை வேளையில்தான். கோழிக்குத் தீனி வைக்க வேண்டும், வெயில் ஏறுமுன் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அதே நேரத்தில் தகப்பனாருக்கு இன்சுலின் போட வேண்டும். இன்சுலின் போட்டபின் உணவு தாமதித்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். பாத்தி அரைமணி நேரம் பொறுக்கும்; ஆகவே மருந்தின் நேரத்தை முதலில் குறித்து, நில வேலையை அதைச் சுற்றி அமைப்பதே முறை.

அதற்காக முதியவரை நிலத்திலிருந்து முற்றிலும் விலக்கிவிடலாகாது. ஆயுள் முழுவதும் மண்ணில் உழைத்தவரைக் கட்டிலோடு நிறுத்தினால் உடலும் உள்ளமும் சேர்ந்து தளரும். கீரை ஆய்வது, விதை காயவைப்பது, அவரை உரிப்பது ஆகியவற்றை உட்கார்ந்தபடியே செய்யலாம். இரத்த அழுத்த மாத்திரை உண்பவர் குனிந்து சட்டென நிமிர்ந்தால் தலைசுற்றக் கூடும். ஆதலால் அவருக்குரிய செடிகளைத் திண்ணை உயரத்தில் தொட்டியில் வைக்கலாம். நீரிழிவு உள்ளவர் வெறுங்காலோடு தோட்டத்தில் இறங்கலாகாது. காலில் முள் தைத்தாலும் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அது தெரிவதில்லை.

வேதத்தில் ரூத்தின் சரித்திரம் நமக்குத் தெரியும். பெத்லகேமின் வாற்கோதுமை வயலில் மாலைமட்டும் கதிர் பொறுக்கியவள், பொறுக்கியதைத் தட்டித் தீர்த்து, தான் உண்டு மீதியானதையும் மாமியாராகிய நகோமிக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். அன்று நடந்த யாவையும் நகோமி கேட்டாள், ரூத் சொன்னாள். வயலிலிருந்து திரும்புகிறவர்கள் தானியத்தோடு அந்தப் பேச்சையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

இரண்டையும் சுமக்க இயலாத பருவமும் வரும். டாலிகஞ்சின் எம். ஆர். பாங்குர் அரசு மருத்துவமனைக்குத் தாயை அழைத்துச் சென்றால் அன்றைய நாள் அதற்கே போய்விடும். அத்தகைய நாட்களுக்கென அண்டை வீட்டாரோடு முறை வைத்துக்கொள்வது நல்லது. ஊரில் பெற்றோர் தனித்திருந்தால், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டுக்கே மருந்து கொண்டுசெல்ல 2021-இல் தமிழகத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் குறித்துக் கிராமச் செவிலியரிடம் விசாரியுங்கள். அதற்கும் மேல் சுமை கூடினால், இரண்டு பாத்திகளைத் தரிசாக விடுங்கள். அடுத்த மழைக்கு அவற்றில் மறுபடியும் விதைக்கலாம்.