கொவென்றி நகரின் இரு தேவாலயங்கள்

எமது கல்லூரி மலரிலே இங்கிலாந்துத் தேவாலயம் ஒன்றைப்பற்றி எழுதப் புகுந்ததேன் என அன்பர் சிலர் வினவுதல் கூடும். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபின், அதனைப் பழைய வடிவிலே மீள எடுப்பதா, எரிந்த சுவரை நினைவுச் சின்னமாக விடுவதா என்னும் வாதம் எம்மவரிடையே நிகழ்ந்தது. பழைய வடிவே நிலைபெற்றது. 2004 இல் வெண்ணிறக் கட்டடம் மீண்டுந் திறக்கப்பெற்றது. இவ்விரு வழிகளையும் ஒருங்கே கைக்கொண்ட ஊர் ஒன்றுண்டு. அதுவே கொவென்றி.

1940 நவம்பர் 14 ஆம் நாள் இரவு ஜேர்மனிய விமானங்கள் அந்நகர்மீது குண்டு பொழிந்தன. மத்தியகாலக் கட்டடமாகிய புனித மிக்கேல் தேவாலயத்தின் கூரையிலே தீக்குண்டுகள் வீழ்ந்தன. அவற்றை அணைக்க நின்றவர் நால்வரே: தலைமைக் குரு றிச்சட் ஹொவாட், முதிய கற்றச்சர் ஜொக் போப்ஸ், இளைஞர் இருவர். மணலும் நீரும் தீருமட்டும் போராடினர். விடிந்தபொழுது கூரையுமில்லை, தூண்களுமில்லை. வெளிச்சுவர்களும் 90 மீற்றர் அளவு உயர்ந்த கூர்ங்கோபுரமுமே எஞ்சின. மறுநாளே, மீளக் கட்டுவோம் என்று துணிந்தனர். கருகிய உத்தரங்கள் இரண்டு சிலுவைபோற் கிடக்கக் கண்ட போப்ஸ் அவற்றைப் பிணித்து நிறுத்தினார். கூரையிலிருந்த பழைய ஆணிகள் மூன்றைச் சேர்த்து வேறொரு சிலுவை செய்தனர். அவ்வாறான ஆணிச் சிலுவைகள் போர் ஓய்ந்தபின் ஜேர்மனிக்கே அனுப்பப்பெற்றன.

இடிபாட்டினுள் அமைத்த பீடத்தின் பின்சுவரிலே ‘பிதாவே, மன்னியும்’ என்னும் பொருள்படும் இரு சொற்களை ஹொவாட் பொறிப்பித்தார். இலக்கணம் கற்பிக்கும் எமக்கு இவ்விடத்தை விட்டகல மனமில்லை. இயேசு சிலுவையில் வேண்டியதாக விவிலியங் கூறுமிடத்தில் ‘இவர்களை’ என்ற செயப்படுபொருள் உண்டு. சுவரிலே அஃதில்லை. விளி உளது, வினை உளது; யாரை என்ற வினாவுக்கு விடையில்லை. ‘இவர்களை’ என்றிருப்பின் குண்டு போட்டவர் ஒருபுறம், குண்டு ஏற்றவர் மறுபுறம் எனப் பகுபட்டிருப்பர். சொல்லொன்று ஒழிந்தமையால் வாசிப்போனும் அவ்வேண்டுதலுக்குள் அகப்படுகின்றான். அங்ஙனமாயின் எரித்தவனுக்குப் பொறுப்பில்லையோ என மாணவர் கேட்பர், கேட்கவும் வேண்டும். எரிந்த சுவரை மறைக்காது விட்டமையே அவ்வினாவுக்கு விடையெனக் கருதுகின்றோம். நிகழ்ந்தது யாவருங் காண நிற்கின்றது.

நிற்க, புதிய ஆலயம் எளிதில் எழுந்ததன்று. முதலில் வரைந்த திட்டம் ஏற்கப்படவில்லை. பின்னர் நடந்த போட்டியிலே இருநூறுக்கு மேற்பட்ட வரைபடங்கள் வந்தன. 1951 இல் பேசில் ஸ்பென்ஸ் என்பார் வென்றார். இடிபாட்டை அவ்வாறே விட்டு, அதனருகிலே செம்மணற்கல்லாற் புதியதைக் கட்டுவதே அவர் திட்டம். பழைய பாணியை எதிர்பார்த்தோர் ஏசினர். நகரசபையோ, வீடுகளே முதலில் வேண்டுமென்று 1954 இல் எதிர்த்தது. இவ்வெதிர்ப்பை யாம் இலேசாகத் தள்ளோம். வீடிழந்தவனுக்குக் கூரையே முதற்றேவை. ஆயினும் ஒருங்கு கூடுதற்கு ஓரிடமில்லாத ஊரார் நாளடைவில் அயலாராகிப் போவதை எம் நாட்டிலும் கண்டிருக்கின்றோம். அரசாங்கம் அனுமதி வழங்கியது. 1956 இல் எலிசபெத் மகாராணியார் அடிக்கல் நாட்டினார். 1962 மே 25 இல் ஆலயம் அபிடேகம் பெற்றது. அதன் ஒரு பக்கம் முழுவதும் தேவதூதரும் புனிதரும் செதுக்கப்பெற்ற கண்ணாடிச் சுவராகும். வழிபட்டு மீள்வோர் அதனூடாக எரிந்த தேவாலயத்தைக் காண்பர்.

அபிடேகத்துக்கு முந்திய மாதங்களில் ஜேர்மனிய இளைஞர் பதினறுவர் கொவென்றிக்கு வந்தனர். அவர்கள் இடிபாட்டிலிருந்த அறைகளைத் திருத்திச் சர்வதேச நிலையமொன்றை ஆக்கிக் கொடுத்தனர். 1945 இல் பிரித்தானியரும் அமெரிக்கரும் பொழிந்த குண்டுகளால் எரிந்த நகரம் டிறெஸ்டன். அங்கே அழிந்து கிடந்த வைத்தியசாலையை மீளக் கட்ட உதவும்பொருட்டு 1965 இல் பிரித்தானிய இளைஞர் சென்றனர். அவர்களை அனுப்பி வைத்தது கொவென்றித் தேவாலயம்.